அறிக்கையில் நான் எழுதிய வாக்கியம்

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் நான் உளவியலாளராக இருக்கிறேன். நியமன உத்தரவில்தான் அந்தப் பெயர். பிள்ளைகளுக்கு நான் 'கவுன்சிலிங் மிஸ்'. ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள முதலில் கூப்பிடுவது என்னைத்தான். என் அறை விளையாட்டுச் சாமான்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில். நடுச்சுவர் கூரைவரை போகாது. உள்ளே யாராவது அழுதால் பந்து எடுக்க வந்தவர்களுக்குக் கேட்டுவிடும் என்பதால் மின்விசிறியை எப்போதும் வேகமாகச் சுழல விட்டிருப்பேன்.

அந்தப் பெண்ணை எட்டாம் வகுப்பில் என்னிடம் அனுப்பினார்கள். வகுப்பாசிரியை கொடுத்துவிட்ட சீட்டில், 'திமிர். கேட்டால் பதில் சொல்கிறாள், எழுதச் சொன்னால் பேப்பரை வெறுமையாக வைக்கிறாள்' என்று இருந்தது.

முதல் வாரம் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். வரலாற்றுப் பாடம் ஒன்றை முழுதாக ஒப்பித்துக் காட்டினாள். அவர்கள் டீச்சர் எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்குவாரோ அந்த இடத்தில் இவளும் நிறுத்தினாள். அடுத்த வாரம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கும் ஒரு சின்னப் பத்தியை அவளிடம் நீட்டினேன். படத்தைப் பார்த்தாள். பிறகு தடுமாறாமல் ஒரு கதை சொன்னாள். நல்ல கதை. ஆனால் அந்தத் தாளில் அது இல்லை.

தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவளுக்கே புரிந்துவிட்டது.

"மொத எழுத்த மட்டும் பிடிச்சிக்கிடுவேன் மிஸ். மிச்சத்த மத்த பிள்ளைய வாசிக்கும்போது கேட்டு வச்சிக்கிடுவேன்" என்றாள். கொஞ்சம் கழித்து, "யார்ட்டயும் சொல்லிராதீய" என்றாள்.

"அம்மாட்டயும் ஹெச்.எம். மிஸ்கிட்டயும் சொல்லணும்மா. சொன்னாத்தான் உனக்கு உதவி கிடைக்கும்."

"உதவின்னா என்ன செய்வாவ?"

பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வருவார், தினமும் தனியாக உட்காரவைத்து வாசிக்கக் கற்றுத்தர ஓர் ஆசிரியர் இருப்பார் என்றேன். கடைசியாகச் சொன்ன ஆசிரியர் எங்கள் பள்ளியில் கிடையாது. கேட்டு வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் சொல்லிவிட்டேன்.

"சரி, அப்பொ சொல்லுங்க" என்றாள்.

அவளுடைய அம்மா வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்பவர். அரை நாள் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். வாசிப்பதில் மட்டும் வரும் சிரமம் இது, மற்றபடி பிள்ளை கெட்டிக்காரி என்று நான் விளக்கியதை முழுக்கக் கேட்டார்.

"மூளைக்கு ஒண்ணும் இல்லல்லா டீச்சர்?"

"ஒண்ணும் இல்ல."

"நானும் இப்படித்தான். இப்பவும் விலைச்சீட்டுல நம்பர் தெரியும், எழுத்து தெரியாது. கலர வச்சி எடுத்துப் போட்டுருவேன்" என்றார். கடையில் யாருக்கும் தெரியாதாம். அதை அவர் தன் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

நான்கு பக்கம் அறிக்கை எழுதினேன். சோதனை முடிவுகள், அவளுடைய நினைவாற்றல், வகுப்பில் செய்யவேண்டிய மாற்றங்கள் எல்லாம் அதில் இருந்தன. முடிவில், நிர்வாகத்தை நெருக்கவேண்டும் என்று யோசித்து ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'இம்மாணவியின் தேவைகளுக்கு இப்பள்ளியின் தற்போதைய வசதிகள் போதுமானவையாக இல்லை, சிறப்பாசிரியர் ஒருவர் உடனடியாகத் தேவை.' எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது.

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்பு வருகைப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. தலைமையாசிரியையிடம் போய்க் கேட்டேன்.

"டி.சி. வாங்கிட்டாவ மிஸ். வேற பள்ளிக்கூடம் பாத்துக்கிடுங்கன்னு நாமதான் சொன்னோம்."

"ஏன் மேடம்?"

அவர் அவளுடைய கோப்பைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். என் வாக்கியத்தின் முதல் பாதிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தது. மற்றப் பாதிக்குக் கோடு இல்லை.

"ஆள் போடணும்னு கேட்டுத்தான் அதை எழுதினேன் மேடம்."

"கேட்டுப் பாத்தேன். நிர்வாகத்துல முடியாதுன்னுட்டாவ. சட்டப்படி எட்டு வரைக்கும் யாரையும் வெளிய அனுப்ப முடியாது, இப்பத்தான் முடியும்னாவ. பத்தாம் வகுப்பு ரிசல்ட் குறைஞ்சா பதில் சொல்ல வேண்டியது நான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பிள்ளையக் கஷ்டப்படுத்தணும்னா செய்யுதேன்? நீங்க எழுதிக் குடுத்ததத்தான் நிர்வாகத்துல அவங்க அம்மாட்ட காட்டினாவ. அவங்க அம்மாவும் ஒண்ணும் பேசாம கையெழுத்துப் போட்டுட்டுப் போனாவ."

அந்த அம்மாவால் அந்தத் தாளை வாசித்திருக்க முடியாது. அதை நான் தலைமையாசிரியையிடம் சொல்லவில்லை. அது அவர் என்னை நம்பிச் சொன்னது.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். அன்று மூன்றாம் பிரிவேளையில் ஆறாம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்துக்கொண்டேன்.

அவளைச் சேரன்மகாதேவிப் பக்கம் அத்தை வீட்டில் விட்டு, அங்கேயே ஒரு பள்ளியில் சேர்த்திருந்தார்கள். ஒரு நாள் விடுப்பு போட்டுவிட்டு, அறிக்கையின் நகலோடு பஸ் ஏறினேன். வழியெல்லாம் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே தலைமையாசிரியர் நல்லபடியாகவே பேசினார்.

"சிறப்பாசிரியர் இருக்காவ. ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துக்கே ஒரு ஆளு. இங்கன வாரத்துல ஒரு நாள் வந்தாலே பெரிசு" என்றார். அறிக்கையை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார்.

அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ரெட்டைச் சடையோடு வந்து தூணை ஒட்டி நின்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"அதுல என்ன எழுதிருக்கீய மிஸ்? எல்லாரும் வாசிச்சிட்டாவ, நான் மட்டும் வாசிக்கல."

பையில் இன்னொரு நகல் இருந்தது. எடுத்து வாசித்தேன். கடினமான இடங்களில் நிறுத்தி விளக்கினேன். அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள். நினைவாற்றல் மிகச் சிறப்பானது என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்தாள். முடித்ததும், கடைசி வாக்கியத்தை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னாள்.

"இத வச்சித்தான அனுப்பினாவ?"

"ஆமா."

"இந்த வரி இல்லன்னா அனுப்பிருக்க மாட்டாவளா?"

"தெரியலம்மா" என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. மணி அடித்தது. "போயிட்டு வாறேன் மிஸ்" என்று உள்ளே போனாள்.

அடுத்த இரண்டு வருடமும் என்னால் ஆனதைச் செய்தேன். பொதுத்தேர்வில் சலுகை கிடைக்க என் அறிக்கை போதாது, மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். முதல் தடவை அவளையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனபோது பார்க்க வேண்டிய மருத்துவர் விடுப்பில் இருந்தார். இரண்டாம் தடவை ஒரு முத்திரை குறைகிறது என்றார்கள். மூன்றாவதாகக் குறித்த நாள் ஆடித் தள்ளுபடி நேரம். கடையில் அம்மாவுக்கு விடுப்புத் தரவில்லை. அவள் பத்தாம் வகுப்பை எல்லாரையும் போல எழுதினாள். மூன்று பாடத்தில் போயிற்று. மறுபடி எழுதச் சொல்லிப் பார்த்தேன். "போதும் மிஸ்" என்றாள். இப்போது தையல் கற்றுக்கொள்கிறாள் என்று கேள்வி.

எங்கள் பள்ளியில் சிறப்பாசிரியர் பணியிடம் இன்னும் இல்லை. ஒவ்வோர் அறிக்கையிலும் கேட்கிறேன். ஆனால் வசதிகள் போதவில்லை என்று எழுதுவதை விட்டுவிட்டேன்.

போன மாதம் அந்த அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய இளைய மகள் எங்கள் பள்ளியிலேயே மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள்.

"இவளும் படத்தப் பாத்துத்தான் கத சொல்லுதா டீச்சர். டெஸ்ட் எடுக்கணுமா, எடுக்காம விட்டுரணுமா? நீங்க சொல்லுங்க."

சிறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்று ஊரெல்லாம் பெற்றோர் கூட்டங்களில் பேசுகிறவள் நான். அன்று அந்தப் பேச்சு உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை என் வீட்டுக்குக் கூட்டி வரச் சொன்னேன். எதுவும் எழுத மாட்டேன், பார்த்துவிட்டு வாயால் சொல்கிறேன் என்றேன். காகிதம் இல்லாவிட்டால் பின்னால் எந்தச் சலுகையும் கேட்க முடியாது என்பதையும் சொன்னேன்.

"பின்னால உள்ளத பின்னால பாத்துக்கிடுவோம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். சோதனைத் தாள்களை மேசையில் பரப்பினேன். மதிப்பெண் குறிக்கும் படிவத்தை மட்டும் எடுக்கவில்லை.