லாரிக்குப் போட்ட முக்காடு

போன ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். என் மகன் தன் பழைய வேனுக்குப் புது ஏர் பில்டர் வாங்கி வந்து, பழையதைக் கழற்றிக் கல்லில் தட்டினான். புழுதி பறந்தது. லேசாக இருமினான். அவ்வளவுதான். கையிலிருந்த காப்பியை எங்கே வைத்தேன் என்றே தெரியாமல் எழுந்து ஓடினேன்.

"மூக்கக் கட்டிக்கிட்டுச் செய்யிடா!"

"தூசிதானம்மா. இதுக்குப் போயி..." என்று சிரித்தான். அப்படியே அவன் அப்பாவின் சிரிப்பு. அதைப் பார்த்த ஞாபகம் அவனுக்கு இருக்க வழியில்லை.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் எங்களிடம் ஒரு சின்ன லாரி இருந்தது. அப்போதே கிழடு. ஓட்டுவது என் கணவர்தான். காலையில் ராஜபாளையத்திலிருந்து காலியாகப் புறப்படும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கான்சாபுரம் பக்கம் போய்ப் பருத்தி ஏற்றிக்கொண்டு திரும்பும். லாரியில் வந்து இறங்கும் டீச்சரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கணக்குப் பாடத்தின்போது முன்பெஞ்சில் யாராவது சிரித்தால், என் கொண்டையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த வண்டிக்கு வடிகட்டி என்று ஒன்றும் கிடையாது. கரிசல் புழுதியையும் பஞ்சுத் தூசியையும் நேராக எஞ்சினுக்குள் இழுக்கும். ஒருமுறை தேய்ந்து, உள்ளே புதுச் சாமான் போட்டாயிற்று. மறுபடியும் தேய்ந்துபோனால் மாற்றுவதற்குச் சாமான் கிடைக்காது. கப்பல் வந்தால்தான் உண்டு. என் கணவர் யோசித்து யோசித்து, தகர டின்னை வெட்டிக் குழாயாக்கி, காற்று இழுக்கும் வாயைக் கூரை உயரத்துக்குக் கொண்டுபோனார். புழுதி அவ்வளவு உயரம் ஏறாதாம். குழாயின் வாயில், புண்ணுக்குக் கட்டும் சல்லாத்துணியை மடித்து, விளக்கெண்ணெய் தடவி இறுக்கிக் கட்டினார்.

பருத்தியைக் கொண்டுபோய் இறக்குவது, கொட்டை நீக்கிப் பஞ்சாக்கும் ஜின்னிங் பேட்டையில். அங்கே பருத்தி பொறுக்கும் பெண்கள் தூசிக்குப் பயந்து முந்தானையால் தலையையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். முக்காடு என்பார்கள் அதை. மூட்டை இறக்குகிறவர்களுக்குக் கேட்கவா வேண்டும்?

"ஏலே, ஓடியாங்க! அண்ணாச்சி லாரிக்கு முக்காடு போட்டுட்டாக!"

"அப்பம் மாப்பிள்ள பாக்க ஆரம்பிச்சிரலாம்!"

"சிரிங்கலே, சிரிங்க. இவ நெஞ்சு அடச்சா மாத்துறதுக்கு ஒங்கப்பனா சாமான் கொண்டாருவான்?" என்றார் இவர்.

கரகரப்புப் போய், எஞ்சின் சத்தமே மாறிவிட்டது. சாயங்காலம் அந்தத் துணியை அவரே அவிழ்த்து, சோப்புப் போட்டு அலசுவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார். தண்ணீர் கறுப்பாக இறங்கும். "பாரு, அம்புட்டும் உள்ள போயிருக்கும்" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

அம்புட்டும் அவருக்குள் போய்க்கொண்டிருந்தது. பருத்தியை இறுக்கமாக ஏற்ற, குவியலுக்குள் இடுப்பளவு இறங்கி மிதிக்க வேண்டும். அதற்கு ஆள் வைக்க மாட்டார். எழும்பும் தூசியில் ஆளே தெரியாது. இருமல் மட்டும் கேட்கும்.

"அதே துணியில ஒரு துண்ட நீங்களும் கட்டிக்கிட்டா என்ன?"

"நானா? பொம்பளைக கட்டுறதக் கட்டிக்கிட்டுப் பேட்டைக்குள்ள போனா ஒரு பய மதிப்பானா? ஒனக்கு எம்புட்டுப் பயம், டீச்சரம்மா!"

பஞ்சுப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்னார். "இந்த வெள்ளாம முடியட்டும்" என்றார் இவர். அது முடிவதற்குள் எழுந்து நடப்பதே பாடாகிவிட்டது. வண்டிக்கு வேறு டிரைவர் போட்டோம். கட்டிலில் சாய்ந்தபடியே அது கிளம்புவதைக் காதுகொடுத்துக் கேட்பார்.

"சத்தம்... சுத்தமா... இருக்குல்ல?"

அந்த மூன்று வார்த்தைக்கு நடுவில் அவர் நின்று நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. இருக்கிறது என்று தலையாட்டுவேன். அந்தப் பருத்திக் காலத்திலேயே போய்விட்டார். மகன் அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

லாரியைச் சேத்தூர் வியாபாரி ஒருவர் வாங்கினார். அவர் அழைத்து வந்த மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டு, "உள்ள கொஞ்சங்கூடத் தேயல, புதுசு மாதிரி இருக்கு" என்றார். நான் வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதன்பிறகும் வெகு காலம் அந்த லாரி எங்கள் தெரு வழியாகப் போகும். அடுப்பில் எது கொதித்தாலும் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பேன். ஒரு கட்டத்தில் அதுவும் வருவது நின்றது. பேட்டை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். லாரிகளுக்கு ஒன்றும் குறைவில்லை, ஓயாமல் போகின்றன. எந்தச் சத்தத்துக்கும் நான் எழுந்திருப்பதில்லை.