சின்ன டேப்பின் இரண்டாம் பக்கம்

"…ஒண்ணும் இல்லீங்க மாமா. அது சும்மா, வெறும் டேப்புதான்" என்றாள் சித்தி.

கேட்டவர் பெரியப்பா. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அது வெறும் டேப்பு இல்லை என்பது அந்த வீட்டில் சித்திக்கு அடுத்தபடி எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எட்டு வயதில் பெரியவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பதைப்போல இனிப்பான காரியம் வேறில்லை. ஆனால் சொல்ல மாட்டேன் என்று சித்தியின் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தேன்.

சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, பிரான்சில் வேலையாக இருந்தார். காரைக்கால் பக்கத்தில் இது அதிசயமில்லை. எங்கள் தெருவில் பிரான்சுக் கடிதம் வராத வீட்டைத்தான் என்ன ஏது என்று விசாரிப்பார்கள். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் போனவர், அடுத்த லீவில் வந்தபோது உள்ளங்கை அளவில் ஒரு ரெக்கார்டர் கொண்டுவந்தார். அதற்குள் போகிற கேசட் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதே மாதிரி இன்னொன்று அங்கே அவரிடமும் இருந்தது. ஊரில் நாலு பணக்கார வீடுகளில் கேசட் செட்டு வந்திருந்தாலும் அவையெல்லாம் பெரிய கேசட் போடுகிறவை. எங்கள் டேப்பை அவற்றில் போட முடியாது, அவர்களுடையதை எங்களுடையதில் போட முடியாது. "நம்ம வீட்டு மாப்பிள்ளைங்க மாதிரி, யாரோடயும் ஒட்டாது" என்பாள் அம்மா.

இருந்தவை இரண்டே டேப்புகள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று சித்திக்கு. வீட்டு டேப்பு தபாலில் போய்வந்துகொண்டிருந்தது. அவர் பேசியதைக் கேட்டுவிட்டு அதன்மேலேயே நாங்கள் பேசி அனுப்புவோம். நாங்கள் பேசியதை அழித்து அவர் பேசி அனுப்புவார். பேசுவதற்கும் பந்தியில் உட்காருவதுபோல ஒரு வரிசை உண்டு. முதலில் பெரியப்பா. வாய்க்காலில் தண்ணீர் வந்தது, குறுவை நட்டது, பசு சினையானது எல்லாவற்றையும் தொண்டை நரம்பு புடைக்கக் கத்திச் சொல்வார். கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே என்று அப்பா சொன்னால், "பிரான்சு என்ன பக்கத்துப் பட்டினச்சேரியிலயா இருக்கு?" என்று திருப்பிக் கேட்பார். அவருக்குப் பிறகு அப்பா, பிறகு அம்மா, அதற்கும் பிறகு சித்தி, கடைசியில் நான். சித்தியிடம் வரும்போது நாடா முக்கால்வாசி ஓடியிருக்கும். மூத்தார் எதிரில் புருஷனிடம் என்ன பேச முடியும்? "நல்லா இருக்கேங்க. உடம்பப் பாத்துக்கங்க." அவ்வளவுதான். "தந்தியில கூட இதவிட நாலு வார்த்தை கூட இருக்கும்டி" என்று அம்மா கேலி செய்வாள். சித்தி சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அவளுடைய டேப்பு புடவை அடுக்கின் கீழே இருந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு, ரெக்கார்டரோடு வந்த ஒற்றைக் காதுக் குமிழைச் செருகிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். ஒருநாள் நான் நச்சரித்ததில் எனக்கும் காதில் வைத்தாள். முதல் பக்கம் முழுக்க சித்தப்பாவின் பேச்சு. இரண்டாம் பக்கம் முழுக்கப் பாட்டு. எங்கேயும் கேட்ட பாட்டு இல்லை, அவரே கட்டியது. சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒவ்வொரு அடியின் முடிவிலும் சித்திக்கு அவர் வைத்திருந்த ஒரு பெயர் வரும். அந்தப் பெயரை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. பாட்டின் கடைசியில், நாடா தீருகிற இடத்தில், பாட முடியாமல் அவரே சிரித்துவிடுவார்.

அந்த வருஷம் ரெக்கார்டர் வீட்டு டேப்பைத் தின்றுவிட்டது. என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சித்தி காரைக்கால் பஸ் ஏறினாள். ரேடியோ ரிப்பேர்க்காரர் உள்ளே சிக்கியிருந்த நாடாவை இடியாப்பம்போல இழுத்து மேஜைமேல் போட்டார்.

"மெஷினுக்கு ஒண்ணும் ஆகலம்மா. டேப்புதான் போச்சு. இந்த சைஸு பாண்டியிலயும் கிடையாது, மெட்ராஸ்லயும் கிடையாது. எல்லாரும் பெருசுக்குப் போயிட்டாங்க. இது நிக்குமா நிக்காதான்னு செஞ்சவனுக்கே தெரியாது."

சித்தி தயங்கித் தயங்கி, சின்ன டேப்பில் இருப்பதைப் பெரிய டேப்பில் ஏற்ற முடியுமா என்று கேட்டாள். "அதுக்கென்ன, கொண்டாங்க. ரெண்டையும் ஓடவிட்டு, கூடவே உக்காந்து கேட்டுக் கேட்டு ஏத்திடலாம்" என்றார் அவர். கேட்டுக் கேட்டு என்றதும் சித்தியின் முகம் சிவந்துவிட்டது. "வேண்டாங்க" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நிற்காமல் நடந்தாள்.

பிறகு சித்தப்பாவின் கடிதம் வந்தது. இந்த வருஷமும் லீவு இல்லை. அங்கேயும் அந்த டேப்பு கிடைப்பதில்லை, கம்பெனி இனிமேல் போடுமா போடாதா என்பது கடைக்காரனுக்கே புரியவில்லை. பழையது ஏதாவது இருந்தால் அதிலாவது பேசி அனுப்புங்கள், குரல்களைக் கேட்டு ஏழு மாதமாகிறது. பெரியப்பா சத்தமாக வாசித்து முடித்துவிட்டு, சித்தியிடம் ஒன்று இருக்குமே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பாட்டு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவர் அழிக்கச் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் தம்பி பாட்டைப் போடு, எல்லோரும் கேட்போம் என்றிருப்பார். அதற்குப் பயந்துதான் சித்தி வெறும் டேப்பு என்றாள்.

வெறும் டேப்பு என்று சொன்ன பிறகு எடுத்துக் கொடுக்காமல் இருக்க முடியுமா? அவளே கொண்டுவந்து போட்டு, இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தி, பெரியப்பா முன்னால் பிடித்தாள்.

பெரியப்பா பேசினார். முதல் பக்கத்தோடு அவர் நிறுத்திக்கொள்வார் என்று சித்தி நம்பியிருக்கலாம். ஆனால் ஏழு மாதத்துச் சேதி சேர்ந்து கிடந்ததே! முதல் பக்கம் தீர்ந்தபோது அவர் நடவைக்கூடத் தாண்டவில்லை. "திருப்பிப் போடும்மா" என்றார். சித்தி டேப்பை எடுத்து முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். "தூசா?" என்றார் அப்பா. "ஆமாங்க" என்று சொல்லித் திருப்பிப் போட்டாள். பெரியப்பா அறுவடைக்கு வந்தார். அப்பா பேசினார். அம்மா ஊறுகாய் செய்கிற பக்குவம் சொன்னாள்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் பத்து வரை எண்ணக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். சித்தப்பாவிடம் அதைச் சொல்லிக் காட்ட ஒரு வாரமாகப் பாவாடை நுனியை முறுக்கிக்கொண்டு ஒப்பித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்த வாய்ப்பு போனதற்காக, பிறகு சித்தியோடு நாலு நாள் பேசவில்லை. என்னுடைய பிரெஞ்சைக் கண்டு அவளுக்குப் பொறாமை என்றுகூட அம்மாவிடம் கோள் சொன்னேன். பத்து எண்ணப் பத்து விநாடி போதும், அந்தப் பத்து விநாடியைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்பதுதான் அன்றைக்கு எனக்குத் தெரிந்த கணக்கு.

அம்மா முடித்ததும் சித்தியின் முறை வந்தது. ரெக்கார்டரை வாயருகே கொண்டுபோனாள். உதடு பிரிந்தது. குனிந்து, நாடா ஓடுவது தெரியும் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். டக்கென்று நிறுத்தினாள்.

"டேப்பு தீந்துபோச்சுங்க மாமா."

நானும் எட்டிப் பார்த்தேன். சக்கரத்தில் நாடா இன்னும் விரல் நகத்தளவு கனத்துக்கு இருந்தது. "இல்ல சித்தி, இன்னும் இருக்கு! இதோ இருக்கு பாருங்க!" என்று கத்தினேன்.

சித்தி என்னைப் பார்க்கவில்லை. கட்டைவிரலை வைத்து அந்தக் கண்ணாடியை மூடிக்கொண்டாள்.