மூன்று பந்தி போட்ட மாணவன்

யுத்தம் இன்னும் முடியாத சமயம். சுதந்திரத்துக்கு மூன்று நான்கு வருஷம் முந்தி, ஒரு சித்திரைக் கடைசியில், கொல்லிமலை ஆலத்தூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் நடந்தது இது. அப்போது எனக்கு முப்பத்து நாலு வயது. இரண்டு குழந்தைகளுக்குத் தகப்பன். அதோடு கல்லூரி மாணவன். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

மலையடிவாரத்தில் எங்களுக்குச் சொந்தத் தோட்டம் இருந்தது. பள்ளிக்கூடப் படிப்போடு ஏர் பிடிக்கப் போனவன் நான். டவுன் கல்லூரியில், கிராமச் சங்கங்களை நடத்த ஆட்களைப் பழக்குவதற்கென்று ஒரு வருஷ நிர்வாக வகுப்பு ஆரம்பித்தார்கள். வயது வரம்பு இல்லை என்று கேள்விப்பட்டதும், செத்துப்போனதாக நான் நினைத்திருந்த படிப்பாசை எழுந்து உட்கார்ந்துகொண்டது. மாமனார் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. என் மனைவி மட்டும், "போயிப் படிச்சுட்டு வாங்க, தோட்டத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஹாஸ்டலில் எல்லாரும் இருபது வயதுப் பையன்கள். என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். என் புளிக்காய்ச்சல் ஜாடியைக் காலி செய்துவிட்டு, அதற்குப் பதிலாக எனக்கு இங்கிலீஷ் வார்த்தைகள் சொல்லிக்கொடுப்பார்கள். அந்த அறையின் மூட்டைப்பூச்சிகூட இன்று நினைத்தால் இனிக்கிறது. தலைமை என்றால் என்ன, வேலையை எப்படிப் பகிர்வது என்று புரொபசர் சொல்லச் சொல்ல, நோட்டில் பக்கம் பக்கமாக எழுதி நிரப்பினேன்.

படிப்பின் கடைசிப் பகுதி செய்முறைத் தேர்வு. ஒரு ஊருக்குப் போய், ஆட்களைத் திரட்டி, ஆறு நாளில் ஒரு பொது வேலையை முடிக்க வேண்டும். ஆறாம் நாள் புரொபசர் வந்து பார்ப்பார். அதில் தேறினால்தான் சர்டிபிகேட். தேறாவிட்டால், ஒரு வருஷம் என் மனைவி வெயிலில் காய்ந்ததெல்லாம் வீண்.

எனக்குக் கிடைத்தது இந்த மலையூர். ஊரை ஒட்டி ஓர் ஓடை. மழை பிடித்துவிட்டால் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு பக்கமும் கல் அடுக்கிக் கரையை உயர்த்தி, மேலே மரம் போட்டு ஒரு பாலம் கட்ட வேண்டும். ஊரார் சந்தோஷமாகச் சம்மதித்தார்கள். வீட்டுக்கு ஓர் ஆளாக இருபத்தொரு பேர் வந்தார்கள். நோட்டில் இருந்தபடியே ஏழு ஏழு பேராக மூன்று பிரிவு வைத்தேன். ஒரு பிரிவு மரத்துக்கு, ஒன்று கல் சுமக்க, ஒன்று கட்ட. எல்லாருக்கும் ஒரே பானையில் சமைக்க, ஓடையோரத்து வீட்டுப் பெண் ஒருத்தி முன்வந்தாள். கைக்குழந்தைக்காரி, என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள்.

நான் மட்டும் சத்திரம் போலிருந்த ஒரு கொட்டகையில் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டேன். 'மலையில யாரூட்டுலயும் கை நனைக்காத சாமி' என்று அம்மா அரிசி கட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தார்.

முதல் இரண்டு நாள் வேலை மளமளவென்று நடந்தது. மத்தியானம் மட்டும் எல்லாரும் ஒரேயடியாகக் கீழே போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்து, பாடிப் பேசி எழுந்திருக்க ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். எனக்கு வயிறு எரிந்தது. 'வேலை ஒரு நிமிஷமும் நிற்கக் கூடாது' என்று நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேனே! மூன்றாம் நாள் ஓர் உத்தரவு போட்டேன். இனிமேல் மூன்று பந்தி. ஒரு பிரிவு சாப்பிடும்போது மற்ற இரண்டும் வேலை செய்யும். கல் சுமக்கிறவர்களுக்குக் கடைசிப் பந்தி. சமைக்கிற பெண் கரண்டியைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் காலை ஓடைக்கரையில் ஈ காக்கை இல்லை. வெயில் ஏறும் வரை காத்திருந்துவிட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கு ஓடினேன்.

"ஏனுங்க, அந்த ஏழு ஊட்டுக்காரங்களும் என்ன தப்புப் பண்ணுனாங்க?" என்று அவள்தான் என்னைக் கேட்டாள். "ஒண்ணா வேலைக்கு நின்னவங்களைப் பிரிச்சு, கடைசியில தனியா ஒக்கார வெச்சுச் சோறு போட்டா, எங்கூர்ல அது ஒதுக்கி வெக்கறதுங்க. நேத்திலிருந்து அவங்க ஊடுகள்ல அடுப்புப் பத்தலீங்க. அவங்க இல்லாம மத்தவங்க எப்பிடீங்க வாரது?"

நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அப்படிச் செய்தேன் என்று அசடு வழிந்தேன்.

"மிச்சம் புடிச்ச நேரத்தை எங்கீங்க வெச்சிருக்கறீங்க?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க தனியாப் பொங்கித் திங்கறீங்க, அது உங்க இஷ்டம்னு உட்டுட்டோமுங்க. அதையே எங்களுக்கும் பண்ணிப்போட்டீங்களே" என்றாள்.

என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இதற்கு என்ன வழி என்று கேட்டேன். ஒதுக்கினவரே போய் அந்த ஏழு வீட்டிலும் சோறு கேட்டுத் தின்ன வேண்டும் என்றாள். நான் தயங்கினேன். கீழே சொந்தக்காரர்களுக்குத் தெரிந்தால் என் கதி என்ன? அம்மா என்ன சொல்வார்? அவள் என் தயக்கத்தைப் பார்த்தாள், ஆனால் கோபப்படவில்லை.

"போன மழைக்கு, வேலைக்குப் போன நான் அந்தக் கரையில மாட்டிக்கிட்டேனுங்க. ரெண்டு நாள். இந்தக் கரையில பச்சைப் புள்ளை பாலுக்கு அழுவுறது கேக்குது, வர முடியலீங்க. இந்தப் பாலத்து வேலை பாதியில நிக்கக் கூடாதுங்க."

அதற்குப் பிறகு நான் யோசிக்கவில்லை. முதல் வீட்டில் அந்த மனிதர் தலை நிமிரவே இல்லை. அறியாமல் செய்துவிட்டேன், எனக்கு ஒரு வாய் சோறு போடுங்கள் என்றேன். அவருடைய மனைவி அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். முதல் கவளத்தை எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. ஏழாவது வீட்டுக்குப் போனபோது மூச்சு முட்டியது. அந்த வீட்டுக்காரர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "போதுமுங்க, பாலம் கட்ட நீங்களும் வேணுமில்லீங்க" என்று சிரித்தாரே, அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது.

மத்தியானமே இருபத்தொரு பேரும் ஓடைக்கு வந்துவிட்டார்கள். மறுநாளிலிருந்து நானும் அவர்களோடு கல் சுமந்தேன், அவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தேன்.

ஆறாம் நாள் புரொபசர் மலையேறி மூச்சு வாங்க வந்து சேர்ந்தது சரியாகச் சாப்பாட்டு வேளையில். பாலத்தில் இன்னும் நாலைந்து மரம் பாக்கி. ஒருவர் கையிலும் வேலை இல்லை. வேலை ஏன் நிற்கிறது என்று கேட்டார். குழம்புக் கையோடு எழுந்து நின்று, "சாப்பிடுகிறோம் சார்" என்றேன். "நீங்களும் ஒக்காருங்க சாமி" என்று அந்தப் பெண் இலை போட்டாள். அவர் வேண்டாமென்று தூரத்துப் பாறையில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியைத் தனியே தின்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மூன்று நாளுக்கு முன்பு வரை நானும் அவர்தானே.

பொழுது சாய்வதற்குள் பாலம் முடிந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள்தான் முதலில் நடந்தாள். நடுவில் ஒரு முறை நின்று கீழே ஓடையைப் பார்த்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமல் அக்கரைக்குப் போனாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

மயிரிழையில் தேறினேன். 'நேரத்தை வீணாக்குகிறார், ஆட்களை அதட்டத் தெரியவில்லை' என்று மதிப்பெண் தாளில் எழுதியிருந்தது. என் மனைவி அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இரண்டு நாள் எனக்கு வாசலில் தனியாக இலை போட்டார், அவ்வளவுதான். உள்ளே என் குழந்தைகள் பேசிச் சிரித்துச் சாப்பிடுவது கேட்கும். வெளியே எனக்குச் சோறு இறங்காது. அந்த ஏழு பேருக்கு நான் செய்தது என்ன என்பது அப்போதுதான் முழுசாக விளங்கியது.

பிறகு பல வருஷம் பல ஊர்களில், பலபேரை வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். எங்கேயாவது ஓர் ஆள் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைக் கண்டால், நான் போட்ட எந்த உத்தரவு இவரை அங்கே உட்கார வைத்தது என்றுதான் இன்றைக்கும் என் மனம் முதலில் கேட்கிறது.