ஆண்டியப்பன் வைத்த சுறாச் சட்டி

ஆண்டியப்பனைப் போல ஒரு மனுசன் அக்கரப்பத்தனைப் பக்கம் தேடினாலும் கிடைக்கமாட்டான். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை அவனுக்கு. ஆண்களுக்கு மதியம் இரண்டு மணிக்கே வேலை முடிந்துவிடும். கொழுந்தெடுக்கும் பெண்களோ அந்தியில் கொழுந்து நிறுவை முடிந்துதான் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் திரும்புவார்கள். அதன் பிறகும் அடுப்பு அவர்கள் தலையில்தான். ஆம்பளைகள் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் குந்தி பீடி இழுத்தபடி சோறு வரக் காத்திருப்பார்கள். என்ன நியாயமோ!

ஐம்பத்தேழாம் வருடம் அவன் மனைவி சண்முகவடிவு, மூன்று மாதக் கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மறுபடி கொழுந்தெடுக்க மலைக்கு ஏறினாள். களைத்து வந்து, காய்ந்த ரொட்டியும் தேத்தண்ணியுமாகப் படுத்துவிடுவாள். பால் வற்றிப்போனது. காம்பராவில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தோனியம்மா ஒருநாள் ஆண்டியப்பனை வழிமறித்தாள்.

"பிள்ளை எலும்பும் தோலுமா போகுதுங்க. தாய்க்காரி தின்னாத்தானே பால் ஊறும்?"

தலைப்பிள்ளையையும் இப்படித்தான் பறிகொடுத்திருந்தார்கள்.

மறுநாள் வேலை விட்டதும் பஜாருக்கு நடந்து ஒரு றாத்தல் பால்சுறா வாங்கிவந்தான். பிள்ளை பெற்றவளுக்கு அதைக் கொடுத்தால் பால் ஊறும் என்பது லயத்துக்கே தெரிந்த சங்கதி. தன் காய்கறித் துண்டு நிலத்தில் போஞ்சிக்காயும் கேரட்டும் பிடுங்கினான். ஈர விறகு ஒரு சட்டிக்குத்தான் தாங்கும் என்பதால் பாதி மீனையும் காயையும் ஒன்றாகவே ஏற்றினான். லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயி எட்டிப்பார்த்தாள். முறைக்கு மச்சினி.

"என்ன மச்சான், சேலை ஒண்ணு தரட்டுமா?"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவன் அதுவரை சமைத்ததெல்லாம் கூட்டாளிகளோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனபோதுதான். அதே கையோடு மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டினான். சண்முகவடிவு ஒரு வாய் வைத்தாள். கண்ணில் நீர் கொட்டியது.

"பச்சை ஒடம்புக்காரிக்கு இப்பிடியா ஆக்குவாங்க? நீங்க அடுப்புல குந்துனா லயமே என்னையத்தான் ஏசும். விட்ருங்க."

தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டாள். வேறொருவன் என்றால் சட்டியைத் தூக்கி எறிந்திருப்பான். ஆண்டியப்பன் மறுநாள், கேலி செய்த ராக்காயியின் வாசலிலேயே போய் நின்றான். வெட்கத்தைப் பார்த்தால் பிள்ளை பிழைக்குமா?

"பெத்தவளுக்கு எப்பிடித்தான் ஆக்குறது, சொல்லு மச்சினி."

ராக்காயியின் சிரிப்பு அடங்கிவிட்டது. "மொளகாயத் தொடாதீங்க மச்சான். மொளகு, சீரகம், கை நெறையப் பூண்டு. அகப்பை போட்டுக் கிண்டாதீங்க, மீனு ஒடஞ்சிரும்."

காயை அடியில் பரப்பி, மேலே மீதி மீனை அடுக்கி, தேங்காயின் தண்ணிப்பால் ஊற்றினான். துணியால் சட்டியைப் பிடித்து லேசாகச் சுழற்றினான். எவ்வளவு பொறுமை அந்தக் காய்த்துப்போன கைகளுக்கு!

சண்முகவடிவு இடுப்பில் கட்டிய நனைந்த சாக்கோடு மலையிலிருந்து வந்து நின்றாள். நாலு காம்பரா வாசலிலும் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிள்ளை ஈனமாக அழுதது. அவள் சாக்கை அவிழ்த்துப் போட்டாள். அத்தனை பேருக்கும் முன்னால் இஸ்தோப்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"போடுங்க" என்றாள்.

சட்டியை ரொட்டியால் வழித்துத் தின்றாள். அடுத்த நாளும் அவன்தான் ஆக்கினான், அதற்கடுத்த நாளும். ஐந்தாம் நாள் அந்தியில் அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது, மடியில் பால் குடித்த பிள்ளைக்குப் புரையேறி இருமல் வந்தது. சண்முகவடிவு அதன் உச்சியைத் தட்டிக்கொண்டே சிரித்தாள்.

"குடிச்சு முடிக்கலங்க. அதுக்குள்ள ஊறுது."

ஆண்டியப்பன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அழுதான். வெங்காயம் என்று ஒருவரும் நம்பவில்லை.