‘செத்த கூட்டம்’ என்று எழுதியவர்

என் அக்காவின் கணவரை எங்கள் ராக் ரசிகர் மன்றத்தில் ‘தலையாட்டி’ என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். தகரத் தகடுகளை அழுத்தி மூடிகள் செய்யும் தொழிற்சாலையில் அவர் பிரஸ் மெஷின் ஓட்டுபவர். கழுத்து பிடித்துக்கொண்ட நாள்களிலும் கச்சேரியில் தலையாட்டுவதை நிறுத்தியதில்லை. குடித்தனம் தொடங்கியபோது அவர் முதலில் வாங்கியது ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. கட்டில் அதற்குப் பிறகுதான் வந்தது.

கச்சேரி முடிந்த மறுநாள் மன்றத்தின் இணையப் பக்கத்தில் அவர் தீர்ப்பு எழுதுவார். அது இசையைப் பற்றியது அன்று, கூட்டத்தைப் பற்றியது. பாடகரின் குரல் பிசிறினால் மன்னிப்பார். கத்தாத ரசிகனை மன்னிக்க மாட்டார். மேடையை ஒட்டி நிற்க மன்றத்துக்கு ஒதுக்கப்படும் சீட்டுகள் யாருக்கு என்பதும் அவர் சொல்வதுதான். பெறுபவர் கையெழுத்திட்டால்தான் அந்தச் சீட்டு செல்லும்.

விளையாட்டரங்கில் நடந்த கச்சேரிக்கு, பழுதான லிஃப்ட் ஒன்றைச் சரிசெய்துவிட்டு வர எனக்கு நேரமாகிவிட்டது. பின்வரிசையில்தான் இடம் கிடைத்தது. மறுநாள் அவர் எழுதினார்: “பின்வரிசை செத்த கூட்டம். அந்தப் பிணங்களோடு நம் மன்றத்தார் ஒருவர் நின்றது வெட்கக்கேடு.” அந்த ஒருவர் நான். எனக்குக் ‘கட்டை’ என்று பெயர் வைத்து மன்றத்திலிருந்து நீக்கினார்கள்.

அன்று கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டி, மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. மருந்துச் சீட்டையும் நுழைவுச் சீட்டையும் நகலெடுத்து மன்றத்துக்கு அனுப்பினேன். “ஐஸ் சாப்பிட்டாலும் தொண்டை கட்டும்” என்று பதில் வந்தது. அந்தப் பதிலையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மேடைக்கடியில் நின்றவருக்கு, அரங்கின் மறுகோடியில் நான் கத்தவில்லை என்று யார் சொன்னது? ஸ்பீக்கர்களை அப்புறப்படுத்தச் சொல்லி அக்கா சண்டை போட்டபோது நான் அவள் பக்கம் பேசியிருந்தேன். அந்தக் கடுப்பைத்தான் இப்படித் தீர்த்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுத்துவர அக்கா ஒருநாள் என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். இரு காதுகளிலும் மஞ்சள் நுரை அடைப்பான்களோடு வேலை செய்துகொண்டிருந்தவர், சட்டென்று கையை உயர்த்தி, பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தச் சொன்னார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதில் அச்சு தளர்ந்திருந்தது.

வெளியே வந்து அவர் அடைப்பான்களைக் கழற்றியதும் கேட்டேன். “காதை அடைச்சிருந்தீங்க, எப்படி மச்சான் தெரிஞ்சுது?”

“காது எதுக்கு மாப்ளே? தரை சொல்லிடும். காலுக்குத் தெரியாததா?”

“கச்சேரியிலயும் இதை மாட்டிக்கிட்டுதான் நிப்பீங்களா?”

“பின்ன? இருக்கிற காதும் போயிட்டா உங்க அக்கா திட்டறதை எப்படிக் கேக்கறது?”

“அப்ப கூட்டம் கத்துதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க?”

“குதிச்சா தரை அதிரும்ல. பழைய மண்டபத்துல ஆணியே கழண்டுக்கற மாதிரி ஆடும். அன்னிக்கு உங்க பக்கமிருந்து ஒரு அசைவு வரலையே.”

பழைய மண்டபத்தின் தரை மரப்பலகை. விளையாட்டரங்கின் பின்வரிசையோ கான்கிரீட் படிகள். அங்கே யானை குதித்தாலும் மேடைக்கடியில் நிற்பவரின் பாதத்துக்கு எட்டாது. இதைச் சொன்னேன். அவர் அடைப்பான்களை விரலால் உருட்டிக்கொண்டே நின்றார்.

“சரி, உன்னை மட்டும் திரும்பச் சேத்துடறேன். கமுக்கமா முடிச்சுக்கலாம்.”

தவறே இல்லையென்றால் கமுக்கம் எதற்கு?

“எனக்கு மட்டும்னா வேணாம் மச்சான். அதே அரங்குல அடுத்த கச்சேரிக்குப் பின்வரிசைக்கு வாங்க. கேட்டுட்டு எழுதுங்க.”

வந்தார். சண்டை முற்றினால் விலக்கிவிட அக்காவும் வந்தாள். முதல் பாட்டு முடிந்ததும் காலால் படியைத் தட்டிக் காட்டினார்.

“பாத்தியா? கல்லாட்டம் கிடக்கு.”

“கல்லு கல்லாட்டம்தாங்க கிடக்கும்!” என்று கத்தியபடி அக்கா அவர் காதிலிருந்த அடைப்பானைப் பிடுங்கினாள்.

கூட்டத்தின் கத்தல் காதில் அறைய, அவர் படியோரக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தனக்குப் பின்னால் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தியவர்களுக்கு நடுவே ஒருவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு, கண்மூடி, ஒலியில்லாமல் வரிக்கு வரி வாயசைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தாளை என்னன்னு எழுதறது?” என்று என் காதில் கத்தினார்.

“தெரியலைன்னு எழுதுங்க!”

மறுநாள் புதிய தீர்ப்பு எதுவும் வரவில்லை. பழைய தீர்ப்பு மட்டும் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தது. காரணமும் இல்லை, வருத்தமும் இல்லை. என் பெயர் மன்றத்தில் மீண்டும் சேர்க்கப்பட்டிருந்தது. அன்று என்னோடு பின்வரிசையில் நின்றவர்களைப் பிணங்கள் என்று எழுதியது தவறு என ஒரு வரியாவது போட வேண்டாமா? அழித்துவிட்டால் எழுதாதது ஆகிவிடுமா? அதன் நகல் என்னிடம் இருக்கிறது.

நேற்று அடுத்த கச்சேரிக்கான முன்வரிசைச் சீட்டு ஒன்றை அக்காவிடம் கொடுத்தனுப்பியிருந்தார்.

“இது மன்னிப்பா, வாயடைக்கவா?” என்று கேட்டேன்.

“அதை அவர்கிட்டயே கேளுடா, எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை. சீட்டிலும் கையெழுத்திடவில்லை.