சோறு பொங்கிய இரும்புத் தொப்பி

வைத்தியநாத ஐயர் காலமான செய்தி வந்தபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தாராவியில் என் சாப்பாட்டுக் கடையின் மத்தியானப் பந்திக்கு இன்னும் அரை மணி இருந்தது. மாட்டுங்காவில் ஐயரின் அடுத்த வீட்டுக்காரர் ரயில் பாலம் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து நின்றார். "தொப்பி ஐயர் போயிட்டார். காலம்பற காப்பி குடிச்சுட்டு, மடியிலே ஒரு தொப்பியை வெச்சுத் துடைச்சுண்டிருந்தாராம். அப்படியே சாஞ்சுட்டார்," என்றார். வடிதட்டைப் பிடித்திருந்த என் கை நழுவி, கஞ்சியோடு பாதிச் சோறும் சாக்கடையில் போயிற்று. அன்றைக்கு என் கடையில் பந்தி இல்லை.

இறந்தவரைப் பற்றி எழுதினால் கண்ணீர் விட்டு எழுத வேண்டும் என்பார்கள். ஐயரை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அவரை அறிந்த மாட்டுங்காக்காரர்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்து அவரை நெருங்கி அறிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பெனியில் அவர் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மற்றவர்கள் கோயிலுக்கும் கச்சேரிக்கும் போவார்கள். அவர் பழஞ்சாமான் விற்கும் சோர் பஜாருக்குப் போவார். பழைய போர்த் தொப்பி எங்கே கிடந்தாலும் அவர் மூக்குக்குத் தெரிந்துவிடும். இரண்டு அறை கொண்ட வீட்டில் சுவரெல்லாம் பலகை அடித்துப் பதினெட்டுத் தொப்பிகள் வைத்திருந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்தது போல ஒரு பாரசீக இரும்புத் தொப்பி. அதன் உச்சியில் முள், முன்னால் மூக்கை மறைக்க ஒரு தகடு, பின்னால் கழுத்தைக் காக்கச் சங்கிலித் திரை, இறகு செருக இரண்டு குழாய்கள். பக்கத்தில், முதல் மகா யுத்தத்தில் பிரான்சுக்குப் போன சிப்பாய் ஒருவன் கொண்டுவந்த ஜெர்மானியக் கூர்முனைத் தொப்பி. பார்த்தால் பயமாக இருக்கும்; தொட்டால் வெறும் தோல். "மிரட்டறதுக்குத்தான் அந்தக் கூர்முனை. பீரங்கிக்கு முன்னாடி தோல் என்ன பண்ணும்?" என்று அதை ஒரு குழந்தையைப் போலத் தட்டிக் கொடுப்பார்.

ஒவ்வொரு தொப்பியிலும் நூல் கோத்த ஓர் அட்டை தொங்கும். அதில் மூன்று வரிகள்: கிடைத்த இடம், காலம், தலை. முதல் இரண்டையும் புத்தகம் புரட்டி, ஆட்களைக் கேட்டு நிரப்பிவிடுவார். மூன்றாவது வரியில் பதினெட்டு அட்டையிலும் 'தெரியாது' என்றே எழுதியிருந்தார். "தொப்பி பாதிச் சாமான்தான் ஓய். மீதிப் பாதி அதுக்குள்ளே இருந்த தலை," என்பார். விளையாட்டுக்குக்கூட ஒன்றையும் தன் தலையில் வைத்துப் பார்த்ததில்லை. கேட்டால், "அது இன்னொருத்தன் எடம்," என்பார்.

பத்தொன்பதாவது தொப்பி கொசுறாக வந்தது. இரண்டாவது மகா யுத்தம் முடிந்த மறு வருஷம் பட்டாளத்துக் கழிவுச் சாமான்கள் சோர் பஜாரில் மலை மலையாகக் குவிந்திருந்தன. பதினெட்டாவதாகப் பழைய தொப்பி ஒன்று வாங்கியதற்கு, கடைக்காரர் கரி பிடித்த, இந்தச் சண்டைக் காலத்து இரும்புத் தொப்பி ஒன்றையும் சேர்த்துக் கையில் திணித்துவிட்டார். இடது பக்கம் ஒரு நசுங்கல். ஐயருக்குப் புதுச் சரக்கில் ஈடுபாடு இல்லை என்றாலும் நசுங்கலும் கரியும் அவரை இழுத்தன. வெடிமருந்துப் புகை என்று முடிவு கட்டினார். அவர் மனைவி தங்கம் மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "வெடிமருந்துமில்லை, ஒண்ணுமில்லை. இது அடுப்புக் கரியாக்கும். இருபத்தெட்டு வருஷமா கரியோட மல்லுக்கு நிக்கறவளுக்குத் தெரியாதா?" என்றாளாம். ஐயர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள், ஐயர் ஆபீஸ் போயிருந்த நேரத்தில், மாமி ஒரு காரியம் செய்தாள். ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையையும் கத்திரிக்கோலையும் வைக்கிற வீட்டில், நிஜமான ஆயுதச் சாமான்கள் தூசியோடு இருக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இரும்புத் தொப்பிகளை எல்லாம் இறக்கிப் புளியும் செங்கல் பொடியும் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். ஐயர் வீடு திரும்பியபோது பாரசீகத் தொப்பி, பால் காய்ச்சும் பாத்திரம் போலப் பளபளவென்று இருந்தது. "இருநூறு வருஷத்தை ஒரு மத்தியானத்திலே கழுவிக் கொட்டிட்டியேடீ," என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பூஜையிலிருந்து தொப்பிகளை எடுத்து வைக்கும்போதுதான் கொசுறுத் தொப்பியின் உள்பக்கம் அவர் கண்ணில் பட்டது. பிசுக்குப் போன இடத்தில் ஆணியால் கீறிய தமிழ் எழுத்துகள்: 'சுடலைமுத்து, களக்காடு.'

அது என் பெயர்.

பட்டாளத்திலிருந்து விடுபட்டபோது, பம்பாயை அடுத்த கல்யாண் முகாமில் என் பட்டாளத்துச் சாமான்களை ஒப்படைத்தபோது அந்தத் தொப்பியும் போயிற்று. அதற்குப் பிறகு அதை நான் நினைத்ததே இல்லை. ஐயரோ களக்காட்டுத் தபால்காரருக்கு ஆறு கார்டு எழுதியிருக்கிறார். ஆறாவதற்குத்தான் பதில் வந்திருக்கிறது: ஆள் உயிரோடு இருக்கிறான், பம்பாயில் தாராவியில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான் என்று. அவர் வீட்டிலிருந்து என் கடைக்குக் கால் மணி நடைதான்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் கடைக்குப் பெயர் 'பட்டாளத்தான் கடை.' பர்மா எல்லையில் நான் சண்டை போட்டதாகத் தாராவியில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நம்பும்படி சொன்னவன் நான்தான். உண்மையில் நான் பட்டாளத்தில் சமையல்காரன்.

ஒரு நாள் பந்தி நிறைந்திருந்த நேரத்தில், கதர்ப் பையோடு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். "இங்கே சுடலைமுத்துங்கறது யாரு?" என்றார்.

"நான்தான் சாமி. என்ன இம்புட்டுத் தூரம் வந்திருக்கிய?"

பையிலிருந்து தொப்பியை எடுத்தார். நசுங்கலைக் காட்டி, "இது எப்படி வந்தது?" என்று கேட்டார். முப்பது பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"குண்டு, சாமி," என்றேன்.

அவர் இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து இடது பக்கம் தடவித் தடவிப் பார்த்தார். "பகவானே, தலை இருக்கு," என்றார். அவர் கண்ணில் நீர் வழிந்தது. பந்தியில் இருந்தவர்கள் என்னைத் தெய்வத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். நான் திருத்திச் சொல்லாமல் அடுத்த பந்திக்கு இலை போடப் போனேன்.

அதன்பிறகு ஞாயிறு சாயங்காலம் ஆனால் நான் மாட்டுங்காவில் இருப்பேன். முதல் தடவை மாமி எனக்குக் காப்பியை வாசற்படியிலேயே கொடுத்தாள். ஐயர் தன் தம்ளரையும் எடுத்துக்கொண்டு வாசற்படிக்கே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது வாரம் மாமி, "ரெண்டு பேரும் வழியை அடைச்சுண்டு உக்காந்தா நான் எப்படிப் போறது? உள்ளே வாங்கோ," என்றாள். உள்ளே போனால் அவர் ஒவ்வொரு தொப்பியாக எடுத்துக் கதை சொல்லுவார். ஆனால் வந்தவர்களுக்குக் காட்டும்போது பாரசீகத்தை எல்லாம் தாண்டி என் தொப்பியைத்தான் முதலில் எடுப்பார். அதன் அட்டையில் மட்டும் மூன்றாவது வரி நிரம்பியிருந்தது. 'தலை: சுடலைமுத்து. குண்டு பட்டும் பிழைத்தவர்.' அவர் பெருமையாக வாசிப்பார். மாமி அடுக்களையிலிருந்து என்னையே பார்ப்பாள். நான் சுவரைப் பார்ப்பேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தொப்பிகளைக் கண்காட்சி வைக்க ஏற்பாடு ஆயிற்று. நான் மேடையில் ஏறி நசுங்கலின் கதையைச் சொல்ல வேண்டும் என்றார் ஐயர். தாராவியிலிருந்து என் கடை ஆட்கள் அத்தனை பேரும் வருவதாக இருந்தது. முந்தின நாள் மத்தியானம் கடையை விட்டுவிட்டுப் பாலம் ஏறினேன். உண்மையைச் சொன்னால் கடையின் பெயர் போகும். அதைவிட, ஐயர் போய்விடுவார். சரித்திரத்தில் ஒரு வருஷம் பிசகினால்கூட மூன்று நாள் தூங்காத மனிதர் அவர்.

"சாமி, நான் சொன்னது பொய்யி," என்றேன். "நான் துப்பாக்கியே தொட்டதில்ல. சமையக்காரன். அண்டா சொமந்த கோவேறு கழுத பள்ளத்துல விழுந்துட்டு. தொப்பிலதான் ரெண்டு மாசம் சோறு பொங்கினோம். ஒருநா அரிசி வேகல. ஹவில்தார் விட்டாரு ஒரு உத. தொப்பி உருண்டு பாறையில போயி மோதிச்சு. அந்த நசுங்கலுதான் இது."

ஐயர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் என் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுக்களையிலிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது. "அடுப்புக் கரின்னு அன்னிக்கே சொன்னேன்."

அப்புறம் ஐயர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "ஓய், இரும்புத் தொப்பி எப்படிப் பொறந்ததுன்னு தெரியுமோ? மொதல் யுத்தத்திலே பிரான்சிலே சிப்பாய்களுக்குத் துணித் தொப்பிதான். ஒருத்தன் சாப்பிடற இரும்புக் கிண்ணத்தைத் துணிக்கு அடியிலே கவுத்துண்டு பிழைச்சானாம். அதைப் பாத்துத்தான் இரும்புத் தொப்பி பண்ணினான்னு சொல்லுவா. சோத்துக் கிண்ணம் தொப்பியாச்சு. நீர் அதைத் திருப்பிச் சோத்துக் கிண்ணமா ஆக்கியிருக்கீர். குண்டு பட்ட தொப்பி லோகத்திலே ஆயிரம் இருக்கும். இது எங்கே கிடைக்கும்?"

அட்டையை எடுத்தார். 'குண்டு பட்டும் பிழைத்தவர்' என்பதன் மேல் ஒரே ஒரு கோடு போட்டார். கீழே, 'சமையற்காரர். நசுங்கல்: ஹவில்தார் உதை. அரிசி வேகவில்லை' என்று எழுதினார். "சாமி, அந்தப் பழைய வரியக் கிழிச்சிருங்க," என்று கெஞ்சினேன். "முடியாது. பொய் சொன்னதும் சரித்திரம்தான். கண்ணுக்குத் தெரியணும்," என்றார்.

மறுநாள் மேடையில் நான் உள்ளதைச் சொன்னேன். தாராவி ஆட்கள் உட்கார்ந்திருந்த பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணாச்சி, இன்னைக்கும் நம்ம கடையில பாதி நாளு அரிசி வேகலயே," என்றார். மண்டபமே அதிர்ந்தது. என் மானம் போகவில்லை, சிரிப்போடு சிரிப்பாகக் கரைந்துவிட்டது. ஐயர் என்னை முற்றத்துக்கு அழைத்துப் போனார். அங்கே மூன்று செங்கல் தயாராக இருந்தது. மாமி வீட்டு ரேஷன் அரிசியையும் வெல்லத்தையும் கொடுத்தாள். அந்தத் தொப்பியில் நான் பொங்கல் வைத்தேன். மாட்டுங்காப் பெரியவர்கள் சிலர் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஐயர் வாழையிலை நறுக்கை நீட்டி முதல் பிடி வாங்கி வாயில் போட்டு, "வெந்திருக்கு," என்றார். மாமி இரண்டாவதாக வாங்கினாள். அதன்பிறகு பொங்கல் போதவில்லை.

ஐயரின் காரியங்கள் முடிந்த மறுநாள் மாமி எனக்கு ஆள் அனுப்பினாள். என் தொப்பியைக் கையில் கொடுத்தாள். பொங்கல் வைத்த அன்றைக்குப் பிடித்த கரி அப்படியே இருந்தது. "தேய்க்கப்படாதுன்னு சொல்லிட்டார். ஒரு வருஷமா அதைப் பாத்துப் பாத்துக் கையைக் கட்டிண்டிருக்கேன்," என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தொப்பியும் அட்டையும்தான். கடைப் பலகையில் பெயரை மாற்றவில்லை; சமையற்காரனும் பட்டாளத்தான்தான் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். தொப்பியைக் கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டியிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் நசுங்கலைப் பார்த்து, "குண்டா அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். அட்டையை இறக்கி வாசித்துக் காட்டுவேன். அடித்த வரியையும் சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.