சாமி அலமாரிக்குப் பசை போட்ட வெள்ளிக்கிழமை

எங்க வீட்டு சாமி அலமாரியோட மேல்பலகையில வினியர், அதாங்க, மேல ஒட்டியிருக்கிற மெல்லிசான மரத்தகடு, விளக்குச் சூட்டுல கொப்புளம் மாதிரி எழும்பிடுச்சு.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கலாம்லா"ன்னார் வீட்டுக்காரர். சாமி இருந்த இடத்தைக் குப்பை லோரியில ஏத்த எனக்கு மனசு வரல.

இன்னைக்குக் காலையில நானே இறங்கிட்டேன். கொப்புளத்தைக் கத்தியால கீறி, உள்ள பசை விட்டு, மேல பத்து கிலோ அரிசி மூட்டையை வச்சேன். அப்புறம்தான் கிள்ளான் டவுன்ல இருக்கிற ஹார்ட்வேர் கடைக்குப் போன் போட்டேன். "மேல அரிசி மூட்டை வச்சிருக்கேன், பசை காய ஒரு மணி நேரம் போதுமா அங்கிள்?"

"ஐயோ, நாளைக்குத்தாம்மா மூட்டையை எடுக்கணும்!"

வெள்ளிக்கிழமையாச்சே, விளக்கேத்தாம இருக்க முடியுமா? அலமாரியில இருந்த பெரிய முருகன் படத்தை டிவி மேசையில, திரைக்கு முன்னாலயே வச்சு, மாலை போட்டு, விளக்கேத்திட்டேன்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "ஏம்மா, இன்னைக்கு டிவியில ஃபைனல் ஆட்டம்! கொஞ்சம் நகர்த்தலாமா?"

"எரியிற விளக்கையா? நீங்களே முருகன்கிட்ட கேளுங்க."

கேட்கல. இப்போ அலமாரிகிட்ட நின்னு அரிசி மூட்டையை ரெண்டு கையாலயும் அழுத்திக்கிட்டிருக்கார். "இப்படி அழுத்தினா சீக்கிரம் காயுமா?"ன்னு கேட்கிறார்.

காயுமாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க. அவசரமில்ல, ஆட்டம் முடிஞ்சப்புறம் சொன்னாப் போதும்.